கமா செய்த கலாட்டா



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் ஹாஸ்டல் ரூமுக்கே வந்து நின்றான். "கவிதை மட்டும் வேணாம்டா. அம்மா, நிலா, காதல்னு ஏற்கெனவே ஒரு கட்டு வந்தாச்சு. நம்ம பசங்களுக்கு உபயோகமா ஏதாவது எழுது" என்று கண்டிஷனும் போட்டான்.

உபயோகமாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு அனுபவம். அது நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் அனுபவம் அல்ல. நான் எழுதிய புரோகிராமால் ஒரு நல்ல மனிதர் மூன்று நாட்கள் திருட்டுப் பட்டம் சுமந்தார். அதற்குக் காரணம், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்த ஒரு கமா. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்யப் போகும் தம்பி தங்கைகளுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

பால் கணக்கு

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் நூற்றுச் சொச்சம் பேர் பால் ஊற்றுவார்கள். டவுனில் வளர்ந்த நண்பர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொசைட்டியில் பாலுக்கு வெறும் லிட்டர் கணக்கில் காசு கிடையாது. பாலில் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு போக மற்ற திடப்பொருள் (எஸ்.என்.எஃப். என்பார்கள்) எவ்வளவு என்று பார்த்து, இரண்டையும் கூட்டித்தான் ரேட் போடுவார்கள். இதைப் பார்த்துச் சொல்பவர் டெஸ்டர். எங்கள் ஊர் டெஸ்டர் அண்ணன் பல வருடமாக அந்த வேலையில் இருக்கிறார். விடியற்காலை நாலரைக்கு அவர் சைக்கிள் சத்தம் கேட்டுத்தான் எங்கள் தெரு எழுந்திருக்கும்.

2023-ல் சொசைட்டிக்குப் புதிதாக அனலைசர் மெஷின் வந்தது. பாலை வைத்தால் கொழுப்பு 4.8, எஸ்.என்.எஃப். 8.6 என்று தானே காட்டும். கம்ப்யூட்டருக்கும் ஒரு வரி அனுப்பும். செக்ரட்டரி ஐயா என்னைக் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் படிக்கறயே தம்பி, இதை வாங்கிக் கணக்குப் போட்டு சிலிப் அடிக்கற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன்" என்றார். ப்ராஜெக்ட் டாபிக் தேடி அலைந்த எனக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

சி மொழியில் எழுதினேன். காலேஜ் லேபில் லினக்ஸ். ஊரில் ஓடப்போவது விண்டோஸ். "ரெண்டுலயும் ஓடணும், அதுதான் உன் ப்ராஜெக்ட்டோட சிறப்பு" என்று கைடு சார் சொல்லியிருந்தார். முதல் தொல்லை தமிழ்ப் பெயர்கள். உறுப்பினர் பெயரைத் தமிழில் போட்டால் லேப் டெர்மினலில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. சீனியர் ஒருத்தர் வழி சொன்னார்: "மெயின் ஆரம்பத்துல செட்லோகேல்னு ஒரு வரி போடு. எல்லா வகைக்கும் சேர்த்து எல்சி-ஆல் குடு, ரெண்டாவதா வெறும் மேற்கோள் குறி குடு. தமிழ் தானா வரும்." போட்டேன். வந்தது! அந்த வரி வேறு என்னவெல்லாம் செய்யும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜெர்மனியில் இருந்து வந்த லேப்டாப்

சொசைட்டியில் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் இல்லை. ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்கும் என் பெரியப்பா மகன் லீவுக்கு வந்தபோது பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்தான். அதைத்தான் சொசைட்டிக்கு வைத்தேன். திறந்ததும் எல்லாம் ஜெர்மன் மொழி! கீபோர்டில் ஒய் அடித்தால் இசட் வரும், இசட் அடித்தால் ஒய் வரும். அரை மணி நேரம் உட்கார்ந்து திரையின் மொழியை இங்கிலீஷாக மாற்றினேன், கீபோர்டையும் மாற்றினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. விண்டோஸில் திரையின் மொழி ஒரு செட்டிங், கீபோர்டு இன்னொரு செட்டிங். எண், தேதி, பணம் எப்படி எழுதுவது என்ற வட்டார அமைப்பு மூன்றாவது செட்டிங். அந்த மூன்றாவது ஜெர்மனியிலேயே இருந்துவிட்டது. திரையின் மூலையில் தேதி 14.12.2023 என்று புள்ளி வைத்துத்தான் தெரிந்தது. நாமும் அப்படித்தானே எழுதுகிறோம்? எனக்கு சந்தேகமே வரவில்லை.

முதல் வாரம் சிலிப் அடித்தாயிற்று. பட்டுவாடாவும் ஆயிற்று. மறுநாள் காலையில் ஆரம்பித்தது வினை.

"போன வாரத்துக்கு இந்த வாரம் ஏன் இப்படிக் குறையுது? அதே மாடு, அதே தீவனம்!" என்று ஒருவர் கேட்டார். அடுத்தவர் சிலிப்பை எடுத்துப் பார்த்தார். சிலருக்கு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய்க்கு மேல் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கோ இரண்டு ரூபாய் கூடக் குறையவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் மெஷினைத் திட்டியிருப்பார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி குறைந்ததால் பார்வை மனுஷன் மேல் திரும்பியது.

"வேண்டப்பட்டவங்களுக்கு ஒரு கணக்கு, மத்தவங்களுக்கு ஒரு கணக்கா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். டெஸ்டர் அண்ணன் கை நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மெஷின் காட்டியதை ஒவ்வொரு வேளையும் அதில் எழுதி வைத்திருந்தார். "நோட்டை எழுதினதும் நீதானப்பா" என்றார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மேஜையில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்? "லேப்ல எல்லாம் கரெக்டா ஓடுச்சுங்க" என்றேன். நண்பர்களே, இந்த வாக்கியத்தை நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். அன்றைக்கு அதற்கு அர்த்தம், "அப்படியானால் தப்பு அவருடையதுதான்" என்பது. சொன்னபோது எனக்கு அது உறைக்கவில்லை.

ஆயா கண்டுபிடித்தது

மூன்றாம் நாள் சாயங்காலம் மேட்டுக்காட்டு ஆயா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரே ஒரு மாடு வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும். ஏழெட்டு சிலிப்புகளைத் திண்ணையில் பரப்பி வைத்தார்.

"ஏங்கண்ணு, பழைய அட்டையில பின்னால இருக்கற நம்பரு தினத்துக்கும் மாறிக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு, ஒரு நாளைக்கு எட்டு. இதுல என்ன, எல்லாத்துக்கும் பின்னால முட்டையாப் போட்டு வெச்சிருக்கற?"

பார்த்தேன். கொழுப்பு 4,0. எஸ்.என்.எஃப். 8,0. அடுத்த சிலிப்பும் 4,0. அதற்கடுத்ததும் அப்படியே. முட்டையைப் பார்த்த பிறகுதான் அதற்கு முன்னால் இருந்த கமாவும் என் கண்ணில் பட்டது. புள்ளி எங்கே போயிற்று?

சொசைட்டிக்கு ஓடி, மெஷின் அனுப்பிய வரிகளைத் திறந்தேன். 4.8, 8.6 என்று சரியாகவே இருந்தன. அண்ணன் நோட்டிலும் 4.8, 8.6. என் புரோகிராமுக்குள் போனதும் அது 4, 8 ஆகிவிட்டது. மொத்தம் 13.4 வர வேண்டிய இடத்தில் 12. பக்கத்து வீட்டுக்காரருக்கு 4.1, 8.1, மொத்தம் 12.2-க்குப் பதில் அவருக்கும் அதே 12. ஆளுக்கு ஒரு மாதிரி குறைந்த ரகசியம் இதுதான். லிட்டரை மட்டும் மில்லியாக்கி முழு எண்ணில் வைத்திருந்தேன். அதில் புள்ளியே இல்லாததால் அது தப்பித்தது. லிட்டர் சரியாக இருந்ததால்தான் ஒரு வாரம் யாருக்கும் தெரியாமலும் போனது.

நடந்தது என்ன?

சி புரோகிராம் ஓடத் தொடங்கும்போது "சி" என்ற பொது லோகேலில்தான் இருக்கும். அதில் தசமக் குறி புள்ளி. எந்த நாட்டில், எந்த மெஷினில் ஓடினாலும் அப்படித்தான். நான் போட்ட செட்லோகேல் வரி, "இந்த மெஷின்காரரின் ஊர் வழக்கத்தை எடுத்துக்கொள்" என்று சொல்கிறது. லேபில் ஊர் இந்தியா, புள்ளி. லேப்டாப்பில் ஊர் ஜெர்மனி. அங்கே தசமக் குறி கமா. நாலரை என்பதை 4,5 என்றுதான் எழுதுவார்கள். பிரான்ஸிலும் இன்னும் பல ஐரோப்பிய நாடுகளிலும் அதே வழக்கம். இதில் யார் சரி, யார் தப்பு என்பதே கிடையாது. 2003-ல் பாரிஸில் நடந்த எடை அளவுகளுக்கான உலகப் பொது மாநாடு, புள்ளியும் போடலாம், கமாவும் போடலாம் என்று தீர்மானமே போட்டிருக்கிறது.

அப்புறம், எழுத்தை எண்ணாக மாற்றும் ஏடுஎஃப் ஃபங்ஷன் 4.8-ஐப் படித்தது. 4 புரிந்தது. அடுத்து வந்த புள்ளி ஜெர்மன் வழக்கத்தில் தசமக் குறி இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டு 4 என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. புரோகிராம் விழுந்து தொலைந்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம். விழாமல் சிரித்துக்கொண்டே தப்புக் கணக்குப் போடுவதுதான் ஆபத்து.

செட்லோகேல் ஒரே பூட்டு அல்ல, ஒரு சாவிக்கொத்து. எழுத்து வகைக்கு எல்சி-சிடைப், எண்ணுக்கு எல்சி-நியூமெரிக், தேதிக்கு எல்சி-டைம், வரிசைப்படுத்தலுக்கு எல்சி-கொலேட், பணத்துக்கு எல்சி-மானிட்டரி என்று தனித்தனியாக உண்டு. எனக்குத் தேவைப்பட்டது எழுத்துச் சாவி ஒன்றுதான். நான் கொத்தோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். எண்ணுக்கு மட்டும் திரும்ப "சி" என்று ஒரு வரி சேர்த்தேன். தீர்ந்தது. ஒரு வரியில் வந்த வினை, ஒரு வரியில் போயிற்று.

நான் மட்டும்தானா?

என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிஎச்பி மொழியில் தசம எண்ணை எழுத்தாக மாற்றினால் லோகேலைப் பார்த்து கமா போட்டுவிடும். 2020-ல் வந்த 8.0 பதிப்பில்தான் அந்தப் பழக்கத்தை எடுத்தார்கள்.

துருக்கி மொழியில் இன்னொரு வேடிக்கை. இங்கிலீஷில் சின்ன ஐ எழுத்துக்குப் புள்ளி உண்டு, பெரிய ஐ எழுத்துக்குப் புள்ளி இல்லை. துருக்கியில் புள்ளி வைத்த ஐ ஒரு எழுத்து, புள்ளி இல்லாத ஐ வேறு எழுத்து. இரண்டுக்கும் சின்னது பெரியது தனித்தனி. அதனால் துருக்கி லோகேலில் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தாக மாற்றி "ஃபைல்தானே இது?" என்று ஒப்பிட்டுப் பார்த்தால், "இல்லை" என்று பதில் வரும்! ஜாவா படிக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

தேதியும் அப்படித்தான். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. பெயர் வைப்பதிலேயே ஒற்றுமை இல்லை. இந்தியத் தமிழுக்கு விண்டோஸில் டிஏ, நடுவில் சிறுகோடு, ஐஎன் என்று பெயர். லினக்ஸில் நடுவில் அடிக்கோடு, பின்னால் யூடிஎஃப்-8 என்ற வால். பழைய விண்டோஸ் புரோகிராம்களில் இதற்கு 1097 என்று ஒரு நம்பர். ஒரு மெஷினில் கேட்ட பெயர் இன்னொன்றில் கிடைக்காவிட்டால் செட்லோகேல் சும்மா வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். நாம் பார்ப்பதே இல்லை.

"அகராதி படிச்சிருக்கியா?"

அப்படியானால் லோகேலே வேண்டாம், எல்லாம் "சி" என்று விட்டுவிடலாமே? வைவாவில் எக்ஸ்டர்னல் சார் இதைத்தான் கேட்டார். நல்லவேளை, செக்ரட்டரி ஐயா ஏற்கெனவே எனக்குப் பாடம் எடுத்திருந்தார்.

உறுப்பினர் பட்டியலைப் பெயர் வரிசையில் அடித்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "தம்பி, கமலாவுக்கு முன்னால கனகா எப்படி வந்தா? அகராதி புரட்டியிருக்கியா நீ?" என்றார். அவர் கேட்டது சரி. நம் எழுத்து வரிசையில் மகரம் முன்னால், றன்னகரம் எல்லாவற்றுக்கும் கடைசி. யூனிகோட் எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, அப்புறம்தான் ப, ம. அதேபோல் ர-வை ஒட்டியே ற. ழ-வுக்கு முன் ள. இவற்றுக்கெல்லாம் பின்னால் வ. புள்ளி கதை இன்னும் மோசம். அகராதியில் மெய்யெழுத்து முதலில், உயிர்மெய் பிறகு. அதனால் கண்ணன் முன், கணபதி பின். யூனிகோடில் மெய்ப்புள்ளியின் எண் பெரியது என்பதால் கணபதி முன்னால் வந்துவிடுவார். வெறும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் கம்ப்யூட்டருக்குச் சரி, செக்ரட்டரி ஐயாவுக்குத் தப்பு.

இதற்காகத்தான் யூனிகோட் அமைப்பு சிஎல்டிஆர் என்ற தகவல் தொகுப்பை 2004-ல் இருந்து வெளியிட்டு வருகிறது. எந்த மொழியில் என்ன வரிசை, தேதி எப்படி, எண் எப்படி என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஐசியு என்ற இலவச நூலகம் அதை எடுத்து விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே மாதிரி விடை தருகிறது. அதைச் சேர்த்த பிறகு கமலா முன்னால் வந்தார். மொத்தத் தொகையும் 1,234,567 என்றில்லாமல் 12,34,567 என்று நம் லட்சக் கணக்கில் வந்தது.

ஆகவே எக்ஸ்டர்னல் சாருக்கு நான் சொன்ன பதில்: "சார், மனுஷன் படிக்கிறதுக்கு லோகேல் வேணும். மெஷினும் மெஷினும் பேசிக்கிறதுக்கு அது கூடவே கூடாது. நான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டேன்."

ஜூனியர்களுக்கு நாலு வார்த்தை

ஃபைலில் எழுதும் எண்ணுக்கு எப்போதும் புள்ளி. தேதிக்கு வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசை. காசைப் பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள். எழுத்தை எண்ணாக மாற்றும் ஃபங்ஷன் கடைசி வரை படித்ததா, பாதியில் நின்றதா என்று பாருங்கள். அதற்கு ஏடுஎஃப் உதவாது, எஸ்டிஆர்டுடி உதவும். ப்ராஜெக்ட் முடிந்ததும் ஒரு தடவை மெஷினின் வட்டாரத்தை ஜெர்மனி என்று மாற்றி ஓட்டுங்கள், ஒரு தடவை துருக்கி என்று மாற்றி ஓட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

நிற்க. கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை பால் ஊற்ற வந்த எல்லோர் முன்னாலும் நின்று, "தப்பு அண்ணன் மேல இல்லைங்க. என் புரோகிராம்தான் புள்ளிக்குப் பின்னால இருந்ததை எல்லாம் விட்டுடுச்சு" என்று சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. "சின்னப் பையன், படிக்கற பையன், இதுல என்ன இருக்குது" என்று முதுகில் தட்டினார்கள். குறைந்த பணத்தை அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துக் கொடுத்தார் செக்ரட்டரி ஐயா.

சாயங்காலம் டெஸ்டர் அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார். வெகு நேரம் கழித்து ஒன்று மட்டும் கேட்டார்.

"நீ செஞ்சா மிஸ்டேக்கு. நானு செஞ்சிருந்தா திருட்டு. இல்லீங்களா தம்பி?"

அதற்கு எனக்கு அன்றும் பதில் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. டெஸ்டர் அண்ணன் இப்போதும் நாலரை மணிக்கு அதே சைக்கிளில் போகிறார். கை நோட்டு எழுதுவதையும் நிறுத்தவில்லை. நிறுத்துங்கள் என்று நானும் சொல்லவில்லை.

மேட்டுக்காட்டு ஆயாவின் மாடு தை மாதம் கன்று போட்டது. ஒரு சொம்பு சீம்பால் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே புது சிலிப்பையும் நீட்டினார்: "பாரு கண்ணு, முட்டை போயிருச்சு."

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்